ஜாடி சுத்தமாகத் தெரிவதுதான் கவலை

கடிதத்தின் சுருக்கம்

பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டிலேயே சாசேஜ் செய்வதையும் உணவைப் பதப்படுத்தி வைப்பதையும் பொழுதுபோக்காக்கிக்கொண்ட 58 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பொறியாளராக இருந்தவர். பன்றி இறைச்சியைத் தானே அரைத்து, குடல் உறையில் நிரப்பி, தன் கையால் கட்டிய புகைப்பெட்டியில் 30 டிகிரிக்கும் குறைவான சூட்டில் இரவு முழுவதும் புகையூட்டுகிறார். பிறகு அவற்றை வேக்யூம் பைகளில் அடைத்து வாரக்கணக்கில் ஃபிரிட்ஜில் வைக்கிறார். ஆரம்பத்தில், இறைச்சியில் கிருமி வளராமல் தடுக்கும் நைட்ரைட் கலந்த உப்பைச் சேர்த்துவந்தார். அது புற்றுநோயைத் தரும் என்று எங்கோ படித்ததும் நிறுத்திவிட்டார். சாசேஜுக்குப் போக மிஞ்சும் இறைச்சித் துண்டுகளைக் கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி, மூடி, தண்ணீரில் மூன்று மணி நேரம் கொதிக்கவைத்து அலமாரியில் அடுக்கியிருக்கிறார். அப்படி 11 ஜாடிகள் இருக்கின்றன. எண்ணெயில் ஊறும் பூண்டு, தேனில் ஊறும் பழம், உப்புநீரில் நொதிக்கும் முட்டைக்கோஸ் ஆகியவையும் அந்த அலமாரியில் உண்டு. அடுத்து, வேகவைக்காமல் உலர்த்தும் சலாமி செய்து பார்க்க ஆசைப்படுகிறார்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. ஐந்து மாதக் கர்ப்பிணியான மகள் விரைவில் வீட்டுக்கு வருகிறார். அவருக்கு இதில் எதையும் கொடுக்கக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேலே வெள்ளை ஏடு படிந்திருந்த முட்டைக்கோஸை அவர் எடுத்துக் கொட்டிவிட, வீட்டில் பேச்சு முற்றியிருக்கிறது. வாசகரின் வாதம் இது: “எதையும் முகர்ந்து, துளி சுவைத்துப் பார்த்த பிறகே மேசைக்குக் கொண்டுவருகிறேன். ஜாடி மூடிகள் இறுக்கமாக உள்ளிழுத்திருக்கின்றன. இதுவரை யாருக்கும் வயிற்றுவலிகூட வந்ததில்லை. என் மனைவி வீணாகப் பயப்படுகிறாரா? நண்பர்களுக்குக் கொடுக்கலாமா, சிறிய அளவில் விற்கலாமா? ஒரு ஜாடியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்துவிட்டால் மற்றவற்றை வைத்துக்கொள்ளலாமா?”

மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பேசுவோம். அந்த 11 ஜாடிகளில் ஒன்றைக்கூடத் திறக்காதீர்கள். திறந்து சுவைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். நைட்ரைட் இல்லாமல் புகையூட்டி வேக்யூம் பையில் வைத்திருக்கும் சாசேஜ்களையும், அலமாரியில் இருக்கும் பூண்டு எண்ணெயையும் இன்றே ஒதுக்கிவிடுங்கள்.

இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிடும்படி நான் சொல்லப்போவதில்லை. பொறுமையும் துல்லியமும் கேட்கிற வேலை இது. இரண்டும் உங்களிடம் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் நீங்கள் அஞ்சுவதும் நம்புவதும் இடம் மாறிக் கிடக்கின்றன. அளந்து போட்டால் உங்களைக் காக்கக்கூடிய ஒன்றுக்கு அஞ்சி அதை விலக்கிவிட்டீர்கள். இறுகிய மூடியையும் நல்ல வாசனையையும் நம்புகிறீர்கள். அவை எதற்கும் உத்தரவாதம் தருபவை அல்ல.

மூக்குக்கு எட்டாதது

நாறுகிற, வழவழத்துப்போன உணவைத் தூக்கிப்போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உணவை அப்படிக் கெடுக்கும் கிருமிகள் ஒரு வகை. மனிதரை நோயில் தள்ளும் கிருமிகள் பெரும்பாலும் வேறு வகை. ஒருவரைப் படுக்கையில் கிடத்தப் போதுமான அளவு சால்மோனெல்லாவோ லிஸ்டீரியாவோ உள்ள இறைச்சி நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் முற்றிலும் சாதாரணமாக இருக்கும்.

நான் முக்கியமாகக் கவலைப்படுவது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியைப் பற்றி. மண்ணில் எங்கும் இருப்பது இது. இதன் வித்துகள், அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் அதன் வடிவங்கள், காய்கறியிலும் இறைச்சியிலும் நம் கைகளிலும் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வருவதால் ஒன்றும் ஆவதில்லை, நாம் தினமும் அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். காற்று இல்லாத, புளிப்பும் உப்பும் குறைவான, ஈரமான, மிதமான சூடுள்ள இடம் கிடைத்தால்தான் வித்து முளைத்து நஞ்சு சுரக்கத் தொடங்கும். நமக்குத் தெரிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியது அது. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை அது தடுத்துவிடுகிறது. மூச்சுக்கான தசைகள் நின்றுபோனால், செயற்கைச் சுவாசக் கருவி இல்லாமல் உயிர் பிழைக்க முடியாது. இந்த நோய்க்குப் பாட்டுலிசம் என்று பெயர்.

இந்தக் கிருமியின் சில வகைகள் உணவை நாறவைக்கும். வேறு சில வகைகள் எந்த வாடையும் விடுவதில்லை. 3 டிகிரிக்கு மேல், அதாவது சாதாரண ஃபிரிட்ஜுக்குள்ளேயே மெல்ல வளரக்கூடியவை இந்த வாடையற்ற வகைகள்தான். காற்றை உறிஞ்சி எடுத்த உங்கள் வேக்யூம் பைகள் அவற்றுக்கு மிகவும் தோதானவை. நீங்கள் ‘துளி சுவைத்துப் பார்ப்பது’ பரிசோதனை ஆகாது. நஞ்சு இருக்குமானால் அந்தத் துளியே போதும்.

“இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை” என்கிறீர்கள். பாட்டுலிசம் அரிய நோய் என்பதால் இது வியப்பில்லை. பல ஜாடிகளில் வித்தே இருக்காது, இருந்தாலும் முளைத்திருக்காது. 1895-இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில், இறுதிச்சடங்கில் வாசித்த இசைக்குழுவினர் உப்பிட்ட பச்சை ஹாமை, அதாவது பன்றித் தொடை இறைச்சியை, சாப்பிட்டு நோயுற்றார்கள். மூவர் இறந்தார்கள். அந்த ஹாமிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கெம் என்ற ஆய்வாளர் இந்தக் கிருமியை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அதே பன்றியின் இன்னொரு தொடை யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. எனவே, பத்தாவது ஜாடி வரை நன்றாக இருந்தது என்பதை வைத்துப் பதினோராவது ஜாடியைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. அதற்கும் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1820-களில், ஜெர்மானிய மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் இந்த நோயின் குறிகளை விரிவாக எழுதிவைத்தார். அவர் ஆராய்ந்தது வீடுகளில் செய்து புகையூட்டிய சாசேஜைத்தான். காற்றுப் புகாத இடத்தில்தான் நஞ்சு உண்டாகிறது என்பதை, கிருமிகள் நோய் தரும் என்பது நிறுவப்படாத காலத்திலேயே அவர் ஊகித்திருந்தார்.

மூன்று மணி நேரம் கொதித்தது போதாதா?

போதாது. ஆறு மணி நேரமானாலும் அதை நம்ப முடியாது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, நீங்கள் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் சரி. கிருமியின் வளரும் செல் அந்தச் சூட்டில் செத்துவிடும். வித்து தாங்கிக்கொள்ளும். தொழிற்சாலைகள் டப்பாவில் அடைக்கும் புளிப்பில்லாத உணவின் மையத்தை 121 டிகிரியில் மூன்று நிமிடமாவது வைத்திருக்கும் அளவுக்கோ, அதற்கு ஈடாகவோ சூடாக்குவது இதற்காகத்தான்.

உங்கள் முறையில் நடந்திருப்பதை வரிசையாகப் பாருங்கள். கொதித்ததில் மற்றக் கிருமிகள் எல்லாம் அழிந்தன. ஜாடிக்குள் இருந்த காற்று வெளியேறியது. ஆறும்போது மூடி உள்ளிழுத்து இறுகியது. போட்டிக்கு ஆளில்லாத, காற்றில்லாத, புளிப்பில்லாத இறைச்சிச் சாற்றில் வித்துகள் மட்டும் தங்கிவிட்டன. பிறகு அதை அறைச் சூட்டில் மாதக்கணக்கில் வைத்திருக்கிறீர்கள். மூடி இறுகியிருப்பது புதிதாக எதுவும் உள்ளே போகவில்லை என்பதை மட்டுமே சொல்லும். ஏற்கெனவே உள்ளே இருப்பதைப் பற்றி அதற்குத் தெரியாது.

கொதிநீர் முறை தவறானது என்று நினைத்துவிடாதீர்கள். புளிப்புள்ள உணவுகளுக்கு அதுவே சரியான முறை. புளிப்பை அளக்கும் எண்ணான பி.எச். (அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது. பெரும்பாலான பழங்கள், ஜாம், 5 சதவீத வினிகர் சேர்த்த ஊறுகாய் போன்றவை இதில் அடங்கும். தக்காளி அந்த எல்லைக் கோட்டிலேயே நிற்பது, சில ரகங்கள் அதைத் தாண்டியும் போகும். அதனால் ஒரு லிட்டர் தக்காளி ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள். புதிதாகப் பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால்தான் பாட்டில் சாறு.

இறைச்சியை ஜாடியில் அடைத்து அலமாரியில் வைத்தே தீர வேண்டும் என்றால், அதற்கென்றே செய்யப்பட்ட அழுத்தக் கலன் வேண்டும். அதில் வெப்பம் சுமார் 116 டிகிரிக்கு ஏறும். துண்டு இறைச்சி நிரம்பிய அரை லிட்டர் ஜாடிக்கு 75 நிமிடம், ஒரு லிட்டர் ஜாடிக்கு 90 நிமிடம் என்பது சோதித்து வகுத்த கணக்கு. கடல் மட்டத்திலிருந்து உயரம் கூடக் கூட அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். சமையலறை பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது வேகமாகச் சூடேறி வேகமாக ஆறிவிடும். சோதித்த நேரக் கணக்கில் அந்த மெதுவான ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வம்பே வேண்டாமென்று ஃப்ரீசரை நாடிவிடுவேன். உறைந்த இறைச்சியில் எந்த வித்தும் முளைப்பதில்லை.

“சாப்பிடும் முன் மறுபடி சூடாக்குகிறேனே” என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வித்தைப் போல அல்லாமல், அது சுரக்கும் நஞ்சு சூட்டுக்குப் பணிந்துவிடும் என்பது உண்மைதான். பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தால் அழியும். ஆனால் வாணலியில் ஐந்து நிமிடம் புரட்டுவது கொதிக்கவைப்பது ஆகாது. சந்தேகமான ஜாடியை மீட்டெடுக்கும் வழியாக இதைக் கருதவும் கூடாது, ஏனெனில் அடுப்புக்குப் போகும் முன்னரே ஒரு விரல் அதைத் தொட்டு நாக்குக்குப் போயிருக்கும்.

நைட்ரைட்டைப் பற்றி

புற்றுநோய் பற்றி நீங்கள் படித்தது பொய்யல்ல. பாதிதான் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் தரும் என்று உறுதிப்பட்டவற்றுக்கான முதல் பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவு, சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டுவந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அது தந்த கணக்கு. நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய இடத்தில் ஏறத்தாழ ஆறு பேருக்கு வரும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். புறக்கணிக்கக்கூடிய எண் அல்ல. ஆனால் தினமும் சாப்பிடுகிறவருக்கான எண் அது.

இதில் நீங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அந்த முகமை ‘பதப்படுத்திய இறைச்சி’ என்பதில் உப்பிட்டது, நொதிக்கவைத்தது, புகையூட்டியது எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. நைட்ரைட்டை நிறுத்திவிட்டு இரவு முழுவதும் புகையூட்டிய சாசேஜ் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடவில்லை. பாட்டுலிசத்துக்கு எதிரான காவல் மட்டும் போய்விட்டது. புகைப்பெட்டிக்குள் காற்று குறைவு, ஈரம் அதிகம், சூடு மிதம். இந்தக் கிருமி கேட்பதெல்லாம் அங்கே இருக்கிறது.

நைட்ரைட்டின் ஆபத்து அதன் அளவில் இருக்கிறது. கடையில் முதல் எண் பதப்படுத்தும் உப்பு என்று விற்பதில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட், மற்றது சாதாரண உப்பு. ஒரு கிலோ இறைச்சிக்கு 2.5 கிராம். அப்படிப் போட்டால் பத்து லட்சத்தில் 156 பங்கு நைட்ரைட் சேரும். கிருமியைத் தடுக்கவும் நிறத்தைக் காக்கவும் அது போதும். இதைக் கரண்டியால் அளக்காதீர்கள், 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். பத்து மடங்கு தவறினால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரித்து, உயிருக்கே ஆபத்தாகும். இந்த உப்புக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பது, யாரும் இதைச் சமையல் உப்பு என்று எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. மலையில் வெட்டியெடுக்கும் இளஞ்சிவப்பு உப்பு வேறு, அதில் நைட்ரைட் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் உண்டு. பொட்டலத்தில் பெரிதாகப் பெயர் எழுதி, சமையலறையில் இல்லாமல் வேறொரு இடத்தில் பூட்டிவையுங்கள். இன்னும் ஏறத்தாழ ஓராண்டில் உங்கள் வீட்டில் ஒரு குழந்தை தவழப்போகிறது.

செலரி என்ற காய்கறியின் பொடியைப் போட்டு ‘நைட்ரைட் சேர்க்காதது’ என்று விற்கும் பொருள்களையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடியில் இருக்கும் நைட்ரேட்டும் நைட்ரைட்டாகவே மாறுகிறது. வீட்டில் அதன் அளவைக் கணக்கிட வழியும் இல்லை. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நைட்ரைட்டே வேண்டாம் என்பது உங்கள் முடிவானால் அதை மதிக்கிறேன். அப்படியானால் புகைப்பெட்டியையும் விட்டுவிட்டுப் புது சாசேஜ் செய்யுங்கள். செய்த அன்றோ மறுநாளோ வேகவைத்துச் சாப்பிடும் சாசேஜுக்கு நைட்ரைட் தேவையே இல்லை. கைத்திறன் முழுவதும் வெளிப்படுவதும் அதில்தான். இறைச்சியும் கொழுப்பும் 4 டிகிரிக்குக் கீழே, ஏறக்குறைய உறையும் நிலையில் இருக்க வேண்டும். அரைக்கும் இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். மொத்த எடையில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரை கொழுப்பு, கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் உப்பு. உப்பு இறைச்சியின் புரதத்தை இழுத்து வெளியே கொண்டுவரும். கலவை கையில் பசைபோல ஒட்டத் தொடங்கும் வரை பிசையுங்கள். இடையில் சூடேறினால் கொழுப்பு இளகிப் பூசிக்கொள்ளும். வெந்த பிறகு எண்ணெய் தனியாகவும் மணல்போன்ற சக்கை தனியாகவும் நிற்கும். வேகவைக்கும் தண்ணீர் 75 முதல் 80 டிகிரி இருக்கட்டும், கொதித்தால் உறை வெடிக்கும். நடுவில் குத்திய வெப்பமானி 71 டிகிரி காட்ட வேண்டும், கோழி இறைச்சியானால் 74. அரைத்த இறைச்சியில் வெளிப்புறத்துக் கிருமிகள் உள்ளே கலந்துவிடுவதால், முழுத்துண்டு இறைச்சியைப் போல நடுவைப் பச்சையாக விட இடமில்லை. பன்றி இறைச்சியில் வரக்கூடிய டிரைக்கினெல்லா புழுவும் இந்தச் சூட்டில் செத்துவிடும். வெந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். மீதி ஃப்ரீசருக்கு.

சலாமியைச் சற்றுத் தள்ளிப்போடச் சொல்வேன். வேகவைக்காத இறைச்சியைப் புளிப்பாலும் உலர்த்தலாலும் மட்டுமே காப்பது அது. மாதக்கணக்கில் உலர்வதால் நைட்ரேட்டும் கலந்த இரண்டாம் எண் உப்பு வேண்டும். நொதிக்கவைக்கும் நற்கிருமிக் கலவை வேண்டும். முதல் ஓரிரு நாட்களிலேயே பி.எச். 5.3-க்குக் கீழே இறங்கியதை மானி வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் ஈரப்பதமும் வெப்பமும் கட்டுக்குள் இருக்கும் இடத்தில், எடை மூன்றில் ஒரு பங்கு குறையும் வரை தொங்க வேண்டும். 1995-இல் தென் ஆஸ்திரேலியாவில், நொதிக்கவைத்த வேகாத சாசேஜில் இருந்த ஈ.கோலை கிருமியால் பல குழந்தைகளின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஒரு சிறுமி இறந்துபோனாள். அது தொழில்முறையாகச் செய்து விற்கப்பட்ட பண்டம். பி.எச். மானி வாங்கிப் பழகும் வரை இதில் இறங்க வேண்டாம்.

முட்டைக்கோஸ் வழக்கில் நீங்கள் சொன்னது சரி

மனைவி கொட்டியது அநேகமாக நல்ல முட்டைக்கோஸ். உப்புநீரின் மேல் தட்டையாக, வெண்மையாகப் படிவது பெரும்பாலும் ஒருவகை ஈஸ்ட். சுவையைக் கெடுக்கலாம், ஆளைக் கெடுக்காது. அதை வழித்தெடுத்துவிட்டு, காய் உப்புநீருக்குள் மூழ்கியிருக்கும்படி கனமான எதையாவது மேலே வைத்தால் போதும். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சுபோல வளர்ந்திருந்தால் மட்டும் முழுவதையும் கொட்டுங்கள். காயின் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் உப்பு, 18 முதல் 22 டிகிரி சூடு என்ற கணக்கில் போனால் லாக்டிக் அமிலக் கிருமிகள் தாமாகவே புளிப்பை ஏற்றி, சில நாட்களில் பி.எச்-ஐ 4.6-க்கு வெகுவாகக் கீழே கொண்டுபோய்விடும். உங்கள் அலமாரியில் பார்க்கச் சகிக்காமல் இருந்த பண்டம்தான் அங்கே இருந்தவற்றில் மிகவும் பத்திரமானது. ஏடு படியாமல் தெளிவாக, அழகாக நின்ற இறைச்சி ஜாடிகளை யாரும் சந்தேகிக்கவில்லை.

பூண்டு எண்ணெயை அலமாரியில் வைக்கக் கூடாது. பூண்டு மண்ணுக்குள் விளைவது, எண்ணெய் காற்றை மறைத்துவிடுகிறது, இரண்டிலும் புளிப்பு இல்லை. கொஞ்சமாகச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். தேனில் ஊறும் பழம் பெரியவர்களுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. தேனில் அதே வித்துகள் இருக்கலாம், குழந்தையின் குடலில் அவை முளைத்துவிடும். பேரக்குழந்தையின் நாக்கில் ஆசையாகத் தேன் தடவ நினைப்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். அவரிடமும் சொல்லிவையுங்கள்.

மகள் வரும்போது

இங்கே உங்கள் மனைவி பக்கம் நிற்கிறேன். லிஸ்டீரியா ஃபிரிட்ஜின் குளிரிலும் பெருகக்கூடிய கிருமி. கர்ப்பிணிகளுக்கு அது தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தாய்க்கு லேசான காய்ச்சலும் உடல்வலியுமாக வந்து போய்விடும், கருவோ கலைந்துவிடலாம், இறந்து பிறக்கலாம், அல்லது கடும் தொற்றோடு பிறக்கலாம். சாப்பிட்டதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே சில வாரங்கள்கூட ஆகலாம் என்பதால் எதனால் வந்தது என்றே பலருக்குத் தெரிவதில்லை. வேகாத இறைச்சியில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் இருக்கலாம், அதுவும் கருவைத் தாக்கும்.

ஆகவே குறைந்த சூட்டில் புகையூட்டியது, உலர்த்தியது, நாள்பட ஃபிரிட்ஜில் இருந்தது எதுவும் மகளுக்கு வேண்டாம். ஆனால் “எதையுமே தரக் கூடாது” என்பதும் தேவையில்லை. அன்றே செய்து, வெப்பமானி வைத்துப் பார்த்து நன்றாக வேகவைத்த சாசேஜை ஆவி பறக்கத் தட்டில் வையுங்கள். மிஞ்சியதை அவருக்கு மறுநாள் கொடுப்பதானால் 74 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே கொடுங்கள். நீங்கள் போட்ட ஜாம் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

கொடுப்பதும் விற்பதும்

நண்பர்களுக்குக் கொடுக்கும்போது, வாங்குகிறவர் உங்களை நம்பிச் சாப்பிடுகிறார். அந்த வீட்டில் கர்ப்பிணியோ, முதியவரோ, புற்றுநோய் சிகிச்சை பெறுபவரோ இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உறைந்த நிலையில், செய்த தேதியும் ‘முழுவதும் வேகவைத்துச் சாப்பிடவும்’ என்ற வரியும் எழுதிக் கொடுங்கள். ஜாடியில் அடைத்த இறைச்சியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றே தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள், சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை. விற்பனைக்கு உரிமமும் சமையலிடப் பரிசோதனையும் கேட்பார்கள். இறைச்சிக்கான விதிகள் ஜாமுக்கான விதிகளைவிட எங்கும் கடுமையானவை. உள்ளூர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு துண்டும் விற்காதீர்கள். நீங்கள் ஒருவரிடம் பணம் வாங்கி, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், தெரியாமல் செய்தேன் என்பது சட்டத்தின் முன் பெரிதாக உதவாது.

ஜாடிகளை அப்புறப்படுத்தும் விதம்: மூடியைத் திறக்காமலேயே கனமான பையில் போட்டுக் கட்டி, விலங்குகளுக்கு எட்டாத குப்பைத் தொட்டியில் சேருங்கள். ஏதாவது உப்பியோ கசிந்தோ இருந்தால் கையுறை அணிந்து, கசிந்த இடத்தில் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் துடையுங்கள். துடைத்த துணியும் அதே பையில் போகட்டும்.

அண்மையில் இந்த ஜாடிகளிலிருந்தோ வேக்யூம் பைகளிலிருந்தோ சாப்பிட்டிருந்தால் அடுத்த பத்து நாட்களுக்குக் கவனமாக இருங்கள். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் தெரியும், சிலருக்குப் பல நாட்கள் கழித்தும் தெரியலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, கண் இமை தொங்குவது, வாய் வறண்டு போவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது என்று முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். காய்ச்சல் இருக்காது, நினைவு தெளிவாக இருக்கும். பக்கவாதம் என்று எளிதில் தவறாக எண்ணப்படும் நோய் இது. எனவே அவசரப் பிரிவுக்குப் போனதும் “வீட்டில் ஜாடியில் அடைத்த இறைச்சியைச் சாப்பிட்டேன்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எதிர்நஞ்சு மருந்து உண்டு. அது மேற்கொண்டு பரவுவதைத் தடுக்கும், ஏற்கெனவே செயலிழந்த தசையை உடனே மீட்காது. ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஆய்வகப் பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரு ஜாடியில் நஞ்சு இல்லை என்று முடிவு வந்தால் அந்த ஜாடியைப் பற்றி மட்டுமே அது சொல்கிறது. மீதிப் பத்தும் அப்படியே சந்தேகத்தில் நிற்கும். பரிசோதித்த ஜாடியோ ஆய்வகத்தில் தீர்ந்துபோயிருக்கும். அந்தச் செலவுக்கு ஒரு நல்ல வெப்பமானியும் 0.1 கிராம் தராசும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜுக்குள் வைக்க இன்னொரு சிறிய வெப்பமானி கிடைத்தால் அதையும் சேர்த்தே வாங்குங்கள். பல வீட்டு ஃபிரிட்ஜ்கள் உரிமையாளர் நினைப்பதைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன.